கையெட்டும் தூரத்து மழைமானி

போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தருமபுரியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. வாசலில் தொடங்கி மொட்டை மாடியில் முடிந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அதற்கு முன்னால் என் தினசரி வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த புதிதில், தாலுகா அலுவலக வளாகத்தில் இருந்த மழைமானியைப் பார்த்து அளவு எடுத்து அனுப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள். யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்கு என்னவோ பிடித்துப் போயிற்று. தினமும் காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். எட்டு இல்லை, ஒன்பது இல்லை, அது என்ன எட்டரை? கிரீன்விச் என்னும் உலகப் பொதுக் கடிகாரத்தில் அப்போது சரியாக மூன்று மணி. அந்த முழு மணிக்காகத்தான் நாம் இங்கே அரை மணியில் போய் நிற்கிறோம். இதை என் மேலதிகாரிகள் பலருக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வாரமே சொந்தமாக ஒரு மழைமானி வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். எட்டு வருடமாக, காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுவேன். ஒன்பது மணிக்கு எங்கள் நடைப்பயிற்சி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு போடுவேன். மேலே நேற்றைய மழை. அதன் கீழே ஏதாவது பழைய வரலாறு. அதற்கும் கீழே ஒரு பொது அறிவுத் துணுக்கு. கடைசியில் என் பெயர், பதவி, அடைப்புக்குறிக்குள் ஓய்வு, தெருவின் பெயர். தெருப் பெயர் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். எழுதினவன் எங்கே இருக்கிறான் என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்றேன்.

தகடூர், நெல்லிக்கனி ஆகியவற்றை எழுதாத தருமபுரிக்காரன் கிடையாது. நானும் நாலு தடவை எழுதிவிட்டேன். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியதையும், உலகப் போர் சமயத்தில் அது நின்று போனதையும் எழுதினேன். சேலம் மாவட்டத்திலிருந்து நாம் பிரிந்தது ஒரு காந்தி ஜெயந்தி அன்று என்று எழுதியபோது, “அன்னைக்கு லீவாச்சே, ஆபீஸ் எப்படித் தொறந்தாங்க?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு இன்று வரை பதில் தெரியாது. கொரியாவில் ஒரு ராஜா, ஏறக்குறைய அறுநூறு வருடங்களுக்கு முன்பே, ஒரே அளவில் பாத்திரம் செய்து ஊர் ஊராக அனுப்பி மழையை அளக்கச் சொன்னார் என்று எழுதினேன். நாற்பது பேரில் முப்பது பேர் கும்பிடும் கை போட்டார்கள். படித்துவிட்டுப் போட்டார்களா, படிக்காமல் போட்டார்களா என்பதையெல்லாம் ஆராயக் கூடாது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், போன டிசம்பர் பிறந்ததும், பழைய நோட்டுகளைப் புரட்டி ஒரு பட்டியல் தயாரித்தேன். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மழை பதிவாகாத தேதிகள். டிசம்பரில் அப்படி ஏழு தேதிகள் கிடைத்தன. வடகிழக்குப் பருவமழை முடியாத மாதத்தில் ஏழு தேதிகள் வறண்டு கிடப்பது ஆச்சரியம்தானே? ‘டிசம்பரில் மழை தொடாத ஏழு நாட்கள்’ என்று தலைப்பு வைத்துக் குழுவில் போட்டேன். தலைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இது பழைய கணக்கு, வரப்போகும் வானிலை அல்ல என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அந்தப் பட்டியலில் முதல் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாவது தேதி அதே வாரம் வெள்ளி. நான் சொல்ல வந்த வியாழன் இரண்டுக்கும் நடுவில் வந்தது.

“மழ எழுதுற சாரு வூடு இதுங்களா?” என்று வாசல் கேட்டில் ஒரு குரல்.

என் மனைவிதான் போய்த் திறந்தாள். ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா, கையில் கட்டைப்பை. நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். என் குறிப்பை எங்கள் குழுவில் ஒருவர் தன் சொந்தக்காரருக்கு அனுப்ப, அது கை மாறி அவர்கள் ஊர் டீக்கடைக்காரரிடம் போயிருக்கிறது. அவர் கடைக்கு வருகிறவர்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுவாராம். தெருப் பெயர்தான் இருக்கிறதே, விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு உள்ளூர ஒரு பெருமை. நாற்பது பேருக்கு எழுதியது இத்தனை தூரம் போயிருக்கிறதே. உட்காரச் சொன்னேன். அந்த அம்மா உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்ததை என் பக்கம் நீட்டினார். ஒரு கை கேழ்வரகுக் கதிர். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

முளைகட்டிய கேழ்வரகில் சத்து அதிகம் என்று நானே ஒரு தடவை துணுக்கு போட்டிருக்கிறேன். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். காடு, வெள்ளாமை எல்லாம் இவர் பொறுப்பு. ஒரு ஏக்கர் ராகி அறுத்துக் குவித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவது வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும், தடியால் அடிக்கும் வேலை மிச்சம். ஆனால் அதற்கு நாள் முழுக்க நல்ல வெயில் வேண்டும். பரப்பிய பிறகு மழை வந்தால் வாரி எடுக்கவே முடியாது. இவர் செவ்வாய்க்கிழமை காலை பரப்பியிருக்கிறார். மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டியிருக்கிறது. பாதி ரோட்டோரக் கால்வாயில் போய்விட்டது. மீதி, கவரில் இருந்ததுபோல முளைத்துவிட்டது. ஒரு வருடத்துக்கான களி அது. அடுத்த போகத்துக்கு விதையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

“எனக்குத் தெரிஞ்சுதுங்க சார்” என்றார். “காத்தாலயே கெழக்க கருத்துக்கிட்டு நின்னுது. வேணாம்னுதான் மனசு சொல்லுச்சு. ஆனா எழுதியிருக்குதே, அதுவும் ஆபீசரா இருந்தவரு எழுதியிருக்காரேன்னு கொண்டுபோய்ப் பரப்பிட்டேன்.”

திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு யாராவது திட்ட வந்தால் பதில் தானாக உள்ளே தயாராகிவிடும். ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு. மேட்டுக்காட்டில் கால் ஏக்கர், பின்பட்டத்தில் தாமதமாக விதைத்த ராகி இருந்திருக்கிறது. அதையும் அறுத்தாகிவிட்டது. இனி விதை என்று இருந்தால் அதிலிருந்துதான். வெள்ளிக்கிழமை என் பட்டியலில் இருக்கிறது. ஊரில் இன்னும் இரண்டு குடும்பம் அந்தத் தேதியை நம்பி அறுத்து வைத்திருக்கிறார்கள்.

“நாளைக்குப் போடலாங்களா, வேணாங்களா? அத மட்டும் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

நான் ஒரு பிரசங்கம் செய்தேன். கடந்த காலக் கணக்கு வேறு, வானிலை முன்னறிவிப்பு வேறு என்றேன். ஓர் ஊரில் பெய்யும், அடுத்த ஊரில் பெய்யாது, என் கணக்கு தருமபுரி டவுனுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றேன். டவுனில் செவ்வாய்க்கிழமை சில துளிகள்தான், அளவிலேயே சேராது, புதன்கிழமை குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். பேசப் பேச எனக்கே நான் நியாயமாகத் தெரிந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது ஒன்றுதான். “அப்ப தேதி போட்டு எழுத வேண்டியதில்லீங்களே.”

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் எட்டு வருட நோட்டையும் எடுத்து வந்தேன். என் வேலை எப்படிப்பட்டது என்று காட்டாமல் விடக்கூடாது என்ற ரோஷம். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதியை ஒவ்வொரு வருடத்திலும் எடுத்துக் காட்டினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்த அம்மாவுக்கு எண்கள் நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வருடத்து வரியில் விரலை வைத்தார்.

“இது என்ன கெழமைங்க?”

இந்த மாதிரிக் கேள்விக்கு நான் காலண்டர் பார்ப்பதில்லை. முந்நூற்று அறுபத்தைந்தை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. அதனால், நடுவில் லீப் நாள் வராவிட்டால், ஒரு தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி வரும். இந்த வருடம் செவ்வாய் என்றால் போன வருடம் திங்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன்.

“திங்கக்கெழமைங்களா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, மடித்து மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தார். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் கொடுத்த ஒப்புகை ரசீது. பட்டாவில் பெயர் மாற்றக் கேட்டிருந்த மனு. பக்கத்தில் போட்ட முத்திரையின் ஊதா மை தண்ணீர் பட்டுப் பரவியிருந்தது. தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் நோட்டில் பூஜ்யம் போட்ட அதே தேதி.

“அன்னைக்குத்தான் வாசல்லயே தொப்பலா நனைஞ்சேன். இத முந்தானையில பொத்தி வெச்சும் நனைஞ்சு போச்சு. இங்க, உங்க டவுன்லதாங்க.”

வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். முத்திரை போட்ட காகிதத்துக்கு முன்னால் என்னைப் போன்றவன் என்ன பேசுவது? அப்போதும், அலுவலகத்தில் தேதி மாற்றிக் குத்தியிருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அன்னைக்கு பேஞ்சுதுங்க. கொடியில கெடந்த போர்வையெல்லாம் நனைஞ்சு, ரெண்டு நாள் காயல. நான் சொன்னதுக்கு, மானியில ஒண்ணுமில்லையே, அது மழையில்லன்னீங்க.”

“முந்தாநாள்?” என்று கேட்டேன்.

“முந்தாநாளும் பேஞ்சுது. நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

மழைமானியில் விழாதது மழை அல்ல என்பது உண்மையிலேயே என் கொள்கை. அலுவலகத்தில் அப்படித்தான் பழகியிருந்தேன். ஜன்னலில் பார்த்ததையும் காதில் கேட்டதையும் பதிவேட்டில் எழுதக் கூடாது, அளவில் வந்ததை மட்டும் எழுத வேண்டும். அது நல்ல விதிதான், அளவெடுக்கும் பாத்திரம் ஒழுங்கான இடத்தில் இருக்கும் வரையில்.

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அந்த அம்மா மழைமானியைப் பார்க்கவே இல்லை. முதலில் வானத்தைப் பார்த்தார். வத்தல்மலை இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படிக்கட்டு அறையைச் சுற்றி வந்தார். அதன் கதவு மேற்குப் பார்த்தது. கதவுக்கு மேலே சன்ஷேடு. சன்ஷேடு முடிகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி என் மழைமானி.

“இந்த மாசத்துல மழ அங்கிருந்துதாங்க வரும்” என்று கிழக்கே கை காட்டினார். “காத்தோட சாஞ்சு அடிக்கும். நீங்க டப்பாவக் கொண்டாந்து செவுத்துக்குப் பின்னால வெச்சிருக்கீங்க. கோழிக்குஞ்சு நனையாம வெக்கற மாதிரி.”

நான் மழைமானி இருந்த இடத்தில் நின்று கிழக்கே பார்த்தேன். சுவரும் சன்ஷேடும்தான் தெரிந்தன.

நடந்தது இதுதான். முதல் மூன்று வருடம் அந்த மழைமானி மாடியின் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் காலையில், பாசி பிடித்த தரையில் வழுக்கி விழுந்தேன். முட்டியில் அடி. ஒரு மாதம் படுக்கை. எழுந்ததும் மனைவி மாடிக்கே போகக் கூடாது என்றாள். நான் ஒரு சமரசம் செய்துகொண்டேன். மழைமானியைக் கதவோரம் நகர்த்தி வைத்தேன். கதவுக்குள்ளேயே நின்று கையை நீட்டி எடுத்துவிடலாம், ஒரு அடிகூட வெளியே வைக்க வேண்டாம். எவ்வளவு சௌகரியம் என்று எனக்கே என் யோசனை பிடித்திருந்தது.

மழைமானிக்குப் பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். இதை எத்தனை உதவியாளர்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். மழைமானிக்கு அருகில் ஜீப்பை நிறுத்தியதற்காக ஒரு டிரைவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். வேப்பமரக் கிளை நீளுகிறது என்று வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான். அப்பேர்ப்பட்டவன் என் வீட்டில் என் முட்டிக்கு வசதியாக மழையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஐந்து வருடமாக ஏன் சந்தேகம் வரவில்லை? மே, ஜூன் மாதத்து இடிமழை மேற்கிலிருந்து அடிக்கும். அது ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. நேராகக் கொட்டும் பெருமழையும் ஓரளவு விழுந்தது. கிழக்கிலிருந்து சாய்ந்து வரும் மழை மட்டும் குறைந்தது. அதற்கும் நான் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பருவநிலை மாறுகிறது, தருமபுரியில் வடகிழக்கு மழை வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறது என்று குழுவில் மூன்று நாள் தொடராக எழுதினேன். கவலைப்படும் முகங்கள் நிறைய வந்தன.

கீழே வந்தோம். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. உங்கள் நஷ்டத்துக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். “மழ பேஞ்சதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?” என்று அந்த அம்மா தள்ளிவிட்டார். “இப்ப அந்தத் தேதியெல்லாம் தப்புன்னு எழுதிப் போடுங்க. சாயங்காலம் டீக்கடையில படிப்பாங்க. நான் போய் வாயால சொன்னா, உனுக்கு நனைஞ்சுபோச்சு அதனால சொல்றேம்பாங்க.”

போனை எடுத்து எழுதினேன். ‘சில தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால், முன்னர் வெளியிடப்பட்ட மழையற்ற தேதிகளின் விவரங்கள் மறுபரிசீலனைக்கு உட்பட்டவை’ என்று வந்தது. கை பழகிய நடை. எழுதியதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இதுல மழைன்னு எங்கீங்க வருது?” என்று கேட்டார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி எழுதினேன். ‘நான் கொடுத்த ஏழு தேதிகளும் தப்பு. மழைமானியைக் கதவோரம் வைத்துவிட்டேன். ஐந்து வருடமாகக் கிழக்கு மழை அதில் சரியாக விழவில்லை. அந்தத் தேதிகளை நம்பி யாரும் எதையும் காயப்போட வேண்டாம்.’

“என் ராகி நனைஞ்சதையும் போடுங்க” என்றார். “பேரு வேணாம். ஒருத்தருக்கு நனைஞ்சு போச்சுன்னு போடுங்க. அப்பத்தான் பயம் வரும்.”

போட்டேன். கீழே என் பெயரை மட்டும் போட்டு அனுப்பப் போனேன். “ஆபீசருன்னு கீழ போடுவீங்களே?” என்றார். அதை ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். பெருமையாகச் சொல்லும்போது பதவியைப் போட்டவன், தப்பைச் சொல்லும்போது அதை ஒளித்து வைக்கப் பார்த்தேன். பதவியையும் சேர்த்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இத்தனை வருடம் எத்தனையோ உத்தரவுகளில் கையெழுத்து போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படிக் கை தயங்கியதில்லை.

என் மனைவி அவருக்கு இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, பதினொன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். போகும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்த மனு ரசீதின் நகலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு போய் விசாரித்ததில், மாமனாரின் இறப்புச் சான்றிதழ் ஒன்று இணைக்கப்படவில்லை என்று தெரிந்தது. அது எனக்குத் தெரிந்த வேலை, முடித்துக் கொடுத்தேன். அதைச் செய்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை.

என் திருத்தத்துக்குக் குழுவில் பதினெட்டு கும்பிடும் கைகள் வந்தன. ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. பழைய சக ஊழியர் ஒருவர் போன் செய்து, எதற்கு இப்படி ஊரறியச் சொல்ல வேண்டும், பேசாமல் பழைய குறிப்பை அழித்திருக்கலாமே என்றார். எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் நான் அழித்தால் என் குழுவில்தான் அழியும், டீக்கடைக்காரர் போனில் அது அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை டிபன் முடிந்ததும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தால் அந்தக் கால் ஏக்கர் விதை என்னால் தப்பித்தது என்று ஆகிவிடுமே. மழை வரவில்லை. சித்திரை மாதத்து வெயில் மாதிரி அடித்தது. சாயங்காலம் வரை ஒரு மேகம் இல்லை. சனிக்கிழமை காலையில் பிடித்த தூறல் விட்டு விட்டு ஐந்து நாள் நீடித்தது.

அதாவது, நான் திருத்தம் போடாமல் இருந்திருந்தால், அந்த அம்மா வெள்ளிக்கிழமை பரப்பி, உதிர்த்து, தூற்றி, பத்திரமாக வீட்டுக்குள் வைத்திருப்பார். என் தப்பான பட்டியல் செவ்வாய்க்கிழமை அவரைக் கவிழ்த்தது, என் சரியான திருத்தம் வெள்ளிக்கிழமை அவரைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் நானே போன் செய்தேன். கதிரை வீட்டுக்குள் பரப்பி, ஃபேனைப் போட்டு, மணிக்கு ஒரு தடவை கையால் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். “வூட்டுல கால் வெக்க எடமில்லீங்க. ராகி ஓரமாத்தான் படுத்துக்கறேன்.”

“வெள்ளிக்கிழமை நல்ல வெயில் அடித்ததே அம்மா. நான் எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கே காய்ந்திருக்கும்” என்றேன். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “காஞ்சிருக்குங்க. காஞ்சிருந்தா உங்க தேதிய நான் சாகற வரைக்கும் நம்பியிருப்பேன்.”

வைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தூறல் விட்ட பிறகு இரண்டு நாள் வெயிலில், ரோட்டுக்குக் கொண்டுபோகாமல் தன் வீட்டு வாசலிலேயே காயவைத்துத் தடியால் அடித்து எடுத்தாராம். கொஞ்சம் பூஞ்சணம் பிடித்துப் போனது. மிச்சத்தில் விதைக்கு ஆயிற்று. சாப்பாட்டுக்கு அதன் பிறகு கடையில்தான் ராகி வாங்கினார்கள். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது சொன்னார்.

இப்போது என் மழைமானி மாடியின் நடுவில் இருக்கிறது. பாசியைச் சுரண்டி, சொரசொரப்பான சிமெண்டில் ஒரு நடைபாதை போட்டுவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய அரை நாள் வேலை. மழைநாள் காலையில் என் மனைவி ஒரு கையில் குடையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வருகிறாள். திட்டிக்கொண்டேதான் வருகிறாள். அந்த ஐந்து வருட நோட்டுகளை நான் கிழிக்கவில்லை, பதிவேட்டைக் கிழித்துப் பழக்கமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் ‘கதவோரம்’ என்று எழுதி வைத்தேன். எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது.

காலைக் குறிப்பை நிறுத்தவில்லை. முன்பு போலத் தலைப்பு வைப்பதில்லை, அவ்வளவுதான். மழை பெய்த மறுநாள் காலையில் எட்டரைக்கு முன்னால் அந்த அம்மாவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வருகிறது. “சார், எங்க ஊர்ல நேத்து ஒரு ஒழவு.” சில நாள், வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியைப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்கல்லு பாதி ரொம்பியிருக்குதுங்க.” உழவு என்பது நம் பக்கத்துப் பழைய அளவு. ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. இதற்கு எட்டரை மணி வேண்டாம், கிரீன்விச்சும் வேண்டாம். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் போதும். இத்தனை நாள் இதை நான் ஒரு துணுக்காகக்கூட எழுதியதில்லை.

என் நோட்டில் இப்போது இரண்டு கட்டங்கள். ஒன்றில் என் மில்லிமீட்டர், மற்றொன்றில் அவருடைய உழவு. அவர் ஊர் வேறு, என் ஊர் வேறு, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும், அங்கே ஒரு உழவு என்று வந்து இங்கே பூஜ்யம் என்று இருக்கிற காலைகளில், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை மாடி ஏறி, என் மழைமானிக்கும் வானத்துக்கும் நடுவில் எதுவும் நிற்கவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.